இடிக்கு அணையும் பெட்டி

ஒன்பதாம் நாள் மாலை காளிதாசன் வீட்டுக்குள் நுழைந்தபோது ஸ்டோர் ரூமிலிருந்து விசிறிச் சத்தம் வரவில்லை. அந்தச் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுப்பதுதான் ஒன்பது நாளாக வாசலில் அவன் செய்கிற முதல் வேலை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய்ப் பார்த்தான். பெட்டி செத்துக் கிடந்தது. சுவரிலிருந்து உருவிய பிளக்கை, ஒயரோடு அழகாகச் சுற்றி, பெட்டியின் தலைமேல் யாரோ வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ.

“மாமா!”

மாமனார் அம்மாசி ஹாலில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் சுங்கைப் பட்டாணியில் மகள் வீட்டுக்கு வந்தவர்.

“என்ன மாப்ள?”

“பிளக்க ஏன் புடுங்கினீங்க?”

“இடி இடிச்சுச்சு.”

“எங்க இடிச்சுச்சு? ரோடெல்லாம் காஞ்சு கெடக்கு.”

“ஜெராய் மலைப் பக்கம் இடிச்சுச்சு. அங்கேருந்து இங்க வர எவ்ளோ நேரமாவும்?” என்று கேட்டுவிட்டு அம்மாசி பிஸ்கட்டைப் பார்த்தார். பாதி பிஸ்கட் தேநீருக்குள் விழுந்திருந்தது. “பாருங்க, உங்களால போச்சு.”

காளிதாசன் பெட்டிக்கு மறுபடி உயிர் கொடுத்தான். எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டால் பெட்டியே சொல்லும். ஒரு நிமிடம் என்றது. ஒன்பது நாளும் போயே போச்சு.

அந்தப் பெட்டி அவன் மனைவி லோகேஸ்வரி கல்லூரியில் படித்தபோது வாங்கிய டெஸ்க்டாப். பத்து வருஷமாக அதன்மேல் தீபாவளி அலங்காரச் சாமான் பெட்டிகள் இருந்தன. காளிதாசன் அதைத் திறந்தபோது உள்ளே மூன்று பல்லி முட்டைகள் இருந்தன. தூசியை ஊதி, விசிறியை மாற்றி, பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டைப் போட்டு, பழைய சிஸ்டத்தைத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினான். இரவு பகல் அணையாமல் ஓடி, எங்கிருந்தோ வருகிற படங்களை வாங்கிச் சேர்த்து வைக்கிற வீட்டு சர்வராக அது மாறிவிட்டது.

படங்கள் ஜைனலின் கடையிலிருந்து வந்தன. ஜைனலுக்குப் பிடோங்கில் ஒன்று, சுங்கைப் பட்டாணியில் ஒன்று என்று இரண்டு சாப்பாட்டுக் கடைகள். இரண்டிலும் கேமரா உண்டு. கேமராவின் பதிவுப் பெட்டி சமையற்கட்டு அலமாரியில் இருக்கும். எண்ணெய்ப் புகை குடித்து வருஷத்துக்கு ஒரு பெட்டி சாகும். பெட்டியோடு பதிவும் போகும். “வெளிய ஒரு எடத்துல ஒரு காப்பி இருந்தா நல்லதுலா,” என்று ஜைனல் புலம்பியபோது, “என் வீட்ல வைக்கிறேன் அண்ணே,” என்றான் காளிதாசன்.

ஜைனல் லேசில் நம்புகிறவர் இல்லை. “மொத பிடோங் கடை கேமரா மட்டும். முப்பது நாள் ஓடட்டும். நடுவுல ஒரு தடவ படுத்துச்சுனா மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணு. ஓடிட்டா ரெண்டு கடையும் உனக்கு. எனக்குத் தெரிஞ்ச கடைக்காரங்ககிட்டயும் சொல்றேன்.” தினமும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து வந்து, கைபேசியில் படம் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் ஒரு கட்டைவிரல் அனுப்புவார். அவ்வளவுதான்.

காளிதாசனிடமும் ரொம்ப நாள் இல்லை. குலிம் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் இரவு வேலை பார்த்தவன். எட்டு மாதத்துக்கு முன் வேலைக்குப் போகிற வழியில், சிவப்பு விளக்கில் மோட்டார்சைக்கிளை நிறுத்தியவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். பின்னால் லாரி ஹார்ன் அடித்துத்தான் விழித்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் அதற்கப்புறம் போகவே இல்லை. இப்போது பழைய சூப்பர்வைசர் இரக்கப்பட்டு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். டிசம்பர் ஒன்றாம் தேதி இடம் காலியாகிறது, அதே இரவு வேலை. லோகேஸ்வரி அதை கேஸ் கடைக்காரன் கொடுத்த காந்த வில்லையால் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

“முப்பது நாள் ஓடுச்சுனா நான் வாயத் தொறக்க மாட்டேன்,” என்று சொல்லியிருந்தாள். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் நீளமாகப் பேசத் தெம்பு இருக்காது. “ஓடலனா டிசம்பர் ஒண்ணு ஃபேக்டரி பஸ்ஸுல ஏறு.”

பிளக் விவகாரத்தைச் சொன்னபோதும் அவள் சுருக்கமாகவே பேசினாள். “எங்கப்பா இடி இடிச்சா புடுங்குவாரு. எங்க தோட்டத்துல எல்லாரும் புடுங்குவாங்க. உங்கம்மா புடுங்க மாட்டாங்களா?”

அம்மாவும் பிடுங்குவாள்.

மறுநாள் பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, ‘தொடாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தான். நாலாம் நாள் மதியம் மூன்றரைக்கு இடித்தது. அம்மாசி எழுதியதைப் படித்தார், பிளக்கைத் தொடவில்லை. வாசல் பக்கம் போய் நாற்காலியில் ஏறி மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டார். ஐஸ்பெட்டி, விசிறி, சாமி விளக்கு, சர்வர் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

“நீங்க எழுதினத நான் மதிச்சேன்ல?” என்றார்.

“மாமா, ஊர்ல எல்லா வீட்லயும் டிவி ஓடுது. எவனாச்சும் செத்தானா?”

“தர்மலிங்கம் வீட்டு டிவி வெடிச்சது உங்களுக்குத் தெரியுமா? எங்க தோட்டத்து லயத்துல. டிவி முன்னால படுத்திருந்த நாய் அங்கயே போச்சு.”

அந்த நாயைக் காளிதாசனுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் இந்தக் கதையைக் கேட்டபோது அது குட்டி. சொல்லச் சொல்ல வளர்ந்தது. இந்தத் தடவை ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது.

ஜைனலிடம் கெஞ்சினான். “மாமனார் மெயின் ஸ்விட்ச இறக்கிட்டாரு அண்ணே.”

“எனக்கு எதுக்கு தம்பி உன் குடும்பக் கத? நவம்பர் ஒண்ணுலேருந்து எண்ணுறேன். இதான் கடைசி.”

நவம்பருக்கு முப்பது நாள். டிசம்பர் ஒன்றுக்கு பஸ். இடையில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. அதிலும் கெடா மாநிலத்தில் நவம்பர் மாதத்து வானம் மதியம் மூன்று மணிக்கு மேல் சும்மா இருப்பதில்லை.

காளிதாசன் யோசித்தான். கிழவரை மாற்ற முடியாது. பெட்டியை மாற்றலாம். மின்சாரம் போனாலும் இருபது நிமிடம் தாங்குகிற பேட்டரிப் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்து, சர்வரை அதோடு இணைத்தான். பிறகு மாமனாரை உட்கார வைத்து ஒப்பந்தம் பேசினான்.

“இடி இடிச்சா இந்த ஒரு பிளக்க மட்டும் புடுங்குங்க. மெயின் ஸ்விட்ச் கிட்டயே போகாதீங்க. இந்தப் பெட்டி கீ கீன்னு கத்தும். கத்தட்டும். இருபது நிமிஷத்துக்குள்ள நான் திருப்பிச் சொருகிடுவேன்.”

“ஹால்ல இருக்கற அந்த வெள்ளப் பெட்டி?”

அது இணைய மோடம். தெருவிலிருந்து வருகிற ஃபைபர் இழை அங்கேதான் முடிகிறது. அது அணைந்தால் ஜைனல் கைபேசியில் படம் வராது. படம் வராவிட்டால் அந்த நாள் செல்லாது. ஸ்டோர் ரூம் பேட்டரி ஹாலுக்கு எட்டாது, இன்னொன்று வாங்க வக்கில்லை. எனவே மோடத்தின் பிளக்கோடு சேர்த்து சாக்கெட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கினான். முடிந்தவரை முடுக்கினான். ஸ்க்ரூவின் தலையே வழுவழுவென்று ஆகிற அளவுக்கு.

“அத நீங்க தொட முடியாது,” என்றான். அம்மாசி கிட்டே போய் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

பெட்டி ஓட வேண்டும் என்ற ஆசை கிழவருக்கும் வரட்டும் என்று இன்னொரு வேலையும் செய்தான். பழைய திரையை ஸ்டோர் ரூமில் வைத்து, பிடோங் கடைப் படம் அதில் ஓடும்படி செய்தான். கடை வாசல், தூண், ரொட்டி சானாய் போடுகிற மேடை எல்லாம் தெரியும். அம்மாசி மூன்றாம் நாளே நாற்காலியை அங்கே போட்டுக்கொண்டார். பத்தாம் நாளில் அந்தக் கடை வாடிக்கையாளர்களின் பழக்கவழக்கம் அவருக்கு அத்துப்படி.

“அந்த நீலச் சட்ட மூணு வேளையும் இங்கதான் திங்கறான் மாப்ள. பொண்டாட்டி இல்ல போல.” இன்னொரு நாள், “இந்த ரொட்டி போடறவன் வெளங்க மாட்டான். மாவத் தொடறான், மூக்கத் தொடறான், மறுபடி மாவத் தொடறான்.”

ஆனால் இடி என்று வந்தால் நீலச் சட்டையாவது ரொட்டியாவது. கையில் தேநீர் இருந்தாலும் வைத்துவிட்டு எழுந்து பிளக்கை உருவிவிடுவார். பேட்டரி கத்தும். காளிதாசன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பதினெட்டாம் நிமிடம் சொருகுவான். “இன்னும் மின்னுது,” என்பார் அவர். “மின்னட்டும்,” என்பான் இவன்.

பன்னிரண்டாம் நாள் திடீரென்று படம் போனது. பெட்டி ஓடுகிறது, மோடம் எரிகிறது, படம் மட்டும் இல்லை. பத்து நிமிடம் தலையைப் பிய்த்துக்கொண்டான். கடைசியில் பார்த்தால், மோடத்திலிருந்து சர்வருக்கு வருகிற நீல ஒயரைக் கிழவர் உருவித் தரையில் போட்டிருந்தார்.

“இதுல கரண்டே வராது மாமா! இது வெறும் நெட்டு ஒயர்!”

“ஒயர்தானே? அந்தப் பக்கம் வெள்ளப் பெட்டி கரண்டுல இருக்குல்ல? நீங்க முடுக்கி வச்சிருக்கீங்களே, அது?”

“தொடாதீங்கன்னா தொடாதீங்க!”

அன்று ஜைனல் பார்ப்பதற்குள் சொருகிவிட்டான். கட்டைவிரல் வந்தது. மாமனாரும் மருமகனும் இரண்டு நாள் பேசவில்லை. லோகேஸ்வரி இருவருக்கும் தனித்தனியே சோறு போட்டாள், இருவரையும் ஒரே மாதிரி முறைத்தாள்.

இருபத்தைந்தாம் நாள் காலை பிடோங்கில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து ஜைனல் கடைத் தூணில் மோதிவிட்டு நிற்காமல் போனது. தூண் விரிசல் விட்டது, கேமரா கோணிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. பார்த்தவர்கள் பெயர் சொன்ன லாரிக் கம்பெனி எங்கள் வண்டியே இல்லை என்றது. பதிவைப் பார்த்துக்கொள்ள மறுநாள் மாலை ஆள் வருவதாகப் போலீஸ் சொன்னது. கேமராவை நேராக்கிவிட்டுப் போ என்று ஜைனல் கூப்பிட, இருபத்தாறாம் நாள் மதியம் காளிதாசன் மோட்டார்சைக்கிளில் பிடோங் போனான்.

ஏணியில் நின்று ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தபோதே ஜெராய் மலை காணாமல் போனது. கறுப்பு மேகம் மட்டும்தான் இருந்தது. ஏணியை விட்டு இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜைனல் கைபேசியை எடுத்துப் பார்த்தார்.

“தம்பி, படம் வரல.”

காளிதாசன் கைபேசியை உருவினான். வீட்டுக்கு அழைத்தான். ஏழெட்டு தடவை மணி அடித்த பிறகு அம்மாசி எடுத்தார்.

“மாமா, பிளக்கப் புடுங்கிட்டீங்களா?”

“புடுங்கிட்டேன்.”

“எப்ப?”

“அரை மணி ஆவும். நீலத்தயும் உருவிட்டேன். அந்தப் பேட்டரி கத்திக்கிட்டே இருந்துச்சு. பட்டன அமுக்கி நிறுத்திட்டேன்.”

அவ்வளவுதான். இருபத்தைந்து நாளும் ஒரு பட்டனில் முடிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் காளிதாசன் கத்தினான். “நான் இந்த வீட்ல ஒரு வேலையும் உருப்படியா செய்யக் கூடாதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா? உங்களாலதான் நான் மறுபடி நைட் ஷிப்ட் போறேன்! ரோட்டுல தூங்கி லாரில அடிபட்டுச் செத்தா அப்ப உக்காந்து தேத்தண்ணி குடிங்க!”

அந்தப் பக்கமும் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“இடி நேரத்துல போன் பேசக் கூடாது மாப்ள,” என்று சொல்லிவிட்டு அம்மாசி வைத்துவிட்டார்.

காளிதாசன் கைபேசியை வெறித்துக்கொண்டு நின்றான். ரொட்டி போடுகிறவன் மூக்கைச் சொறிந்தபடி அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். அந்த நேரத்தில்தான் வெளியே வெள்ளையாக ஒரு வெளிச்சம் அடித்தது. கூடவே தகரத்தைக் கிழித்த மாதிரி ஓசை. கடை முழுக்க விளக்குப் போனது. சமையற்கட்டு அலமாரியில் பட்டென்று ஏதோ வெடித்து, பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது.

ஜைனல் டார்ச் அடித்துப் பார்த்தார். பதிவுப் பெட்டியின் பின்பக்கம் கரியாக இருந்தது. பக்கத்துக் கடையிலும் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ரோசாக், கெட்டுப் போச்சு,” என்றார் ஜைனல். அப்புறம் மெதுவாகத் திரும்பினார். “தம்பி, லாரி இதுக்குள்ளதான் இருந்துச்சு. உன் வீட்ல காப்பி இருக்குமா?”

“இருந்துச்சு. இப்ப என்ன கெதியோ தெரியாது.”

மழை குறைந்ததும் ஜைனலின் வேனிலேயே இருவரும் சுங்கைப் பட்டாணிக்கு வந்தார்கள். வழி நெடுக ஜைனல் தூணைப் பற்றிப் பேசினார். காளிதாசன் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிற கடிதத்தை நினைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலிலேயே அதே கருகல் வாடை அடித்தது. ஹாலில் மோடம் ஒரு பக்கம் உருகி, சுவர் நாக்கு அளவுக்குக் கறுத்திருந்தது. அவன் ஸ்க்ரூ முடுக்கிய மூடி குமிழ் விட்டு, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லோகேஸ்வரி பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அதன் எதிரே நின்றாள்.

“வீட்ல புடுங்க முடியாத பிளக் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு,” என்றாள்.

ஸ்டோர் ரூமில் அம்மாசி அணைந்த திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிளக் சுற்றிப் பெட்டிமேல் வைக்கப்பட்டிருந்தது. நீல ஒயரின் முனை பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தது. அந்த முனை லேசாகக் கறுத்திருந்தது. காளிதாசன் குனிந்து அதை எடுத்தான், முகர்ந்தான், கீழே போட்டான்.

சொருகியிருந்தால் பெட்டியும் போயிருக்கும். லாரியும், தூணும், இருபத்தைந்து நாள் ரொட்டியும் போயிருக்கும்.

பிளக்கைச் சொருகிப் பெட்டியைத் தட்டினான். விசிறி சுற்றியது. ஓடுகிற நேரம் ஒரு நிமிடம் என்றது. உள்ளே தேடினான். எல்லாம் இருந்தது.

“நேத்து லாரிக்காரன் எத்தன மணிக்கு இடிச்சான் அண்ணே?”

“நான் மேல தூங்கிட்டு இருந்தேன். காலைல எப்பவோ.”

“ஒம்பது இருபது,” என்றார் அம்மாசி, திரும்பாமல். “நீலச் சட்ட ரெண்டாவது ரொட்டி வாங்கினான். அப்ப வந்துச்சு வெள்ள லோரி.”

ஒன்பது இருபதைப் போட்டார்கள். நீலச் சட்டை தட்டோடு திரும்பினான். வெள்ளை லாரி பின்பக்கமாக வந்தது, தூணில் மோதியது. கேமரா வானத்துக்குக் கோணுவதற்கு முன் லாரியின் நம்பர் முழுசாக விழுந்திருந்தது. ஜைனல் அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

“ஐயா, நீங்க தெனம் பார்ப்பீங்களா?”

“பார்ப்பேன். உங்க ரொட்டிக்காரன மாத்துங்க. மூக்கத் தொட்ட கையோட மாவப் பெசையறான்.”

ஜைனல் முகம் சுருங்கியது. “நெசமாவா?”

“அதுலயே இருக்கும். எந்த நாளு வேணும்?”

அதையும் இரண்டு நாளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் ஜைனல் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். லோகேஸ்வரி கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தார். காளிதாசன் துணிந்து கேட்டான்.

“அண்ணே, முப்பது நாள்…”

“அத விடு.” ஜைனல் கையை அசைத்தார். “அடிச்ச இடியில இங்க சுங்கைப் பட்டாணி கடைப் பெட்டியும் போச்சாம், இப்பத்தான் போன் வந்துச்சு. என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். ரெண்டு கடையும் இதுலயே போடு. ஒரு கண்டிஷன்.”

“சொல்லுங்க.”

“இடி இடிச்சா புடுங்கணும். அத எழுதிக் குடு.”

“அண்ணே, அணையவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒண்ணர மாசமா அதுக்குத்தானே நான்…”

“அப்ப சொன்னேன். இப்ப இப்படிச் சொல்றேன். கடைப் பெட்டி எரிஞ்சாலும் இது இருக்கணும், அதானே எனக்கு வேணும்? நீ வீட்ல இல்லனா யாரு புடுங்குவா?”

அம்மாசி இப்போதுதான் நாற்காலியைத் திருப்பினார். “நான் இருக்கேன்ல.”

ஜைனல் போனதும் லோகேஸ்வரி ஐஸ்பெட்டிக் கதவிலிருந்து கடிதத்தை எடுத்தாள். மடித்தாள், குப்பைக் கூடையைப் பார்த்தாள், மனம் மாறி டிராயருக்குள் போட்டாள். “மொத மாசம் ஓடட்டும்,” என்றாள். நியாயம்தான்.

போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க இதுதான் நேரம் என்று காளிதாசனுக்குத் தெரிந்தது. மாமனார் ஹாலுக்கு வந்து அந்த உருகிய மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் வரைக்கும் வந்தது. வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தான்.

மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதற்குக் கால் மணி நேரமும் கட்டைவிரல் தோலும் போயின. நாலாவதன் தலை மொழுக்கென்று இருந்தது. டிரைவர் அதில் நிற்காமல் சும்மா சுற்றியது. வேர்வை கண்ணில் இறங்கியது. அம்மாசி டார்ச் பிடித்துக்கொண்டு மேலே நின்றார்.

“இவ்ளோ இறுக்கமா யாரு முடுக்கச் சொன்னா?”

காளிதாசன் வேர்வையைத் துடைத்தான். டிரைவரைச் சாய்த்து, பல்லைக் கடித்துத் திருப்பினான். மறுபடி வழுக்கியது. வெளியே, ஜெராய் மலைப் பக்கம், இடித்தது.

“மாப்ள,” என்றார் அம்மாசி.

“கேட்டுச்சு,” என்றான் காளிதாசன்.